ஜோடி பிரியாமல்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டு வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருக்கும். அதன் கீழ்த்தட்டில் யாரும் போடாத ஷூ ஒரு ஜோடியாவது கிடக்கும். தூக்கிப்போட மனம் வராது, யாருக்குக் கொடுப்பது என்றும் தெரியாது. பழைய பேப்பர்க்காரர் இரும்பை எடுப்பார், அட்டையை எடுப்பார், பிளாஸ்டிக் செருப்பைக்கூடச் சிலர் எடைக்கு வாங்குவார்கள். ஷூவைக் காட்டினால் வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவார். ஏன் வேண்டாம் என்கிறார்? அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ தொழிற்சாலைகளில் 28 வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசி 12 வருடம் தரப் பரிசோதனை. மேல்பாகத்தை அப்பர் என்போம், அடியைச் சோல் என்போம். இரண்டையும் பசை தடவி, சூடு காட்டி, அழுத்தி ஒட்டுவார்கள். ஒட்டியதை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பது என் வேலை. சில சமயம் சோலே கிழியும், ஒட்டு விடாது. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அந்த ஒட்டுதான் பழைய ஷூவைக் காயலான் கடைக்குள் நுழையவிடாமல் நிறுத்துகிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என் பழைய ஷூ ஒன்றைத் திண்ணையில் வைத்துப் பிரித்தேன். தோல், உள்ளே லைனிங் துணி, நுரை, குதிகாலுக்குக் கெட்டி அட்டை, அடியில் ஷாங்க் என்கிற இரும்புப் பட்டை, ரப்பர் சோல், நூல், லேஸ் போடும் வளையங்கள். ஒரு காலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எடைக்குப் போடத் தகுந்ததாக அதில் கிடைத்தது விரல் நீள இரும்பு ஒன்றுதான்.

சரி, உருக்கலாமே என்று கேட்பீர்கள். சோலுக்கான ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை வாங்கிய முறை அது. அப்படி ஒருமுறை இறுகிய ரப்பர் மறுபடி உருகாது. ஸ்போர்ட்ஸ் ஷூவின் நடு நுரையும் பெரும்பாலும் அதே குணம்தான். அரைத்துத் துகளாக்கலாம், ஓடுதளத்துக்கும் விளையாட்டுத் திடலின் தரைக்கும் அந்தத் துகள் போகிறது. எரிக்க மட்டும் வேண்டாம். இன்றைய ஷூ தோலில் பெரும்பாலானது குரோமிய உப்பில் பதனிட்டது. தீயில் அந்தக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாறக்கூடும். குளிர் காய்வதற்குப் பழைய ஷூவைப் போட்டு எரிப்பதை நானே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆக, அரைப்பது கடைசி வழி. அதற்கு முன்னால், இன்னும் போடக்கூடியது எது, தைத்தால் போடக்கூடியது எது, எதற்கும் ஆகாதது எது என்று தரம் பிரிக்க வேண்டும். இங்கேதான் ஜோடி வருகிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. பரீட்சை முடிந்த வாரம் நானும் மூன்று நண்பர்களும் வாசலில் சாக்கு வைத்தோம். பிள்ளைகள் பள்ளி ஷூக்களைக் கொண்டுவந்து போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் 212. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி. சோலில் அச்சடித்த சைஸ் எண் தேய்ந்து போயிருந்தது. ஜோடியாகக் கட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முதல் நாள் முழுக்க உட்கார்ந்து 23 ஜோடிதான் சேர்த்தோம். அதிலும் பாதி, உள்ளே பால்பாயின்ட் பேனாவால் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தவை.

மறுநாள் பேருந்து நிலையத்தில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சைஸைப் பார்க்கவே இல்லை. "மடிப்பைப் பாருங்க சார்" என்றார். விரல் மடங்கும் இடத்தில் விழும் கோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாதிரி. இடது காலிலும் வலது காலிலும் அது ஒத்துவரும். குதியில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார், விரலால் தடவுவார், குவியலில் கைவிட்டு ஜோடியை எடுப்பார். ஒரு ஷூவின் முனை மட்டும் நார் நாராகக் கிழிந்திருந்தது. "இந்தப் பையன் சைக்கிளைக் காலால நிறுத்துறவன்" என்றார். அதன் ஜோடி முழுசாக இருந்தது, அவர் சொல்லாமல் நாங்கள் சேர்த்திருக்கவே மாட்டோம். சாயங்காலம் எண்ணினால் 88 ஜோடி. மீதி 36 ஒற்றை. அந்த ஒற்றைகளில் புதுசு போல இருந்தவையும் உண்டு. ஒற்றை ஷூவை யாருக்குக் கொடுப்பது? அரைக்கத்தான் அனுப்ப வேண்டும். தரம் பிரிப்பது கைத்தொழில், நேயர்களே. அந்தப் பெரியவருக்கு நாங்கள் இரண்டு நாள் கூலி கொடுத்தோம், அது அவருடைய அறிவுக்கான கூலி.

சேகரித்தது எங்கே போகிறது என்பதும் முக்கியம். சிங்கப்பூரில் 2021இல் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூக்களைச் சேகரித்து ஓடுதளமும் திடலும் அமைப்பதாக ஒரு திட்டம் தொடங்கினார்கள். ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 ஜோடிக்குள் இடங்காட்டும் கருவியை ஒளித்து வைத்துச் சேகரிப்புப் பெட்டிகளில் போட்டார்கள். ஒரு ஜோடிகூடத் திடலாகவில்லை என்று 2023இல் செய்தி வந்தது. சில ஜோடிகள் கடல் தாண்டி இந்தோனேசியச் சந்தையில் கிடைத்தன. பழைய ஷூவை இறக்குமதி செய்ய அங்கே தடை இருக்கிறது. யாரோ போட்டு நடந்தால் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நல்லதுதான், ஆனால் அதைக் கொடுத்தவரிடம் சொல்லிச் செய்ய வேண்டும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நண்பர், ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று ஒரு விரலைக் காட்டுகிறார். பசையே இல்லாமல் ஒரே பொருளால் செய்யும் ஷூக்களைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அடிடாஸ் 2019இல் அப்படி ஒன்றைக் காட்டியது. அது இன்னொரு நாளைக்கு. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: போடாத ஷூவை வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். பாலியூரிதேன் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த சோல் காற்றிலிருக்கும் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும், ஒருநாள் எடுத்தால் கையில் உதிரும். அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது இரண்டு லேஸையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். லேஸ் இல்லாவிட்டால் ஒரு ரப்பர் பேண்டு. வணக்கம்.