ஃபேன் இல்லாத மேக்புக் ஏர் எம்2: இரண்டரை வருடம் கழித்து என் கணக்கு

வணக்கம் மக்களே. இப்போது விடிகாலை ஐந்தேகால் மணி. மொட்டைமாடியில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், நடுவில் மயில் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ என் பக்கத்தில் இருக்கும் மேக்புக் ஏரில், நேற்று மண்பானை சூளையில் எடுத்த நாற்பது நிமிட வீடியோ எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, அதாவது எடிட் முடிந்து ஒரே ஃபைலாக மாறிக்கொண்டிருக்கிறது. இதற்கு எதற்கு விடிகாலையில் எழுந்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த லேப்டாப்பைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இந்த வீடியோவுக்குக் காரணம் என் அக்கா மகள். இந்த வருடம் பி.காம் சேரப்போகிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் இதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சித்தி, எனக்கும் இதையே வாங்கித் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லும் பதில் உங்களில் பலருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் இது எது என்று சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் ஆப்பிள் அறிவித்த மேக்புக் ஏர், எம்2 சிப், 13.6 அங்குலத் திரை. இந்தியாவில் வந்தபோது ஆரம்ப விலை 1,19,900 ரூபாய். 2025 மார்ச்சில் எம்4 ஏர் வந்ததும் ஆப்பிள் இதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் இப்போது நிறையக் கண்ணில் படுகிறது. என்னிடம் இருப்பது 16 ஜிபி மெமரி, 512 ஜிபி ஸ்டோரேஜ்.

எடை 1.24 கிலோ. தடிமன் 11.3 மில்லிமீட்டர். கேமராவுக்குப் பக்கவாட்டில் காட்டுகிறேன், பாருங்கள், முன்னாலும் பின்னாலும் ஒரே தடிமன். 2008 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினாரே, அது ஆப்பு மாதிரி ஒரு பக்கம் கூராகச் சரிந்திருக்கும். அந்த வடிவத்தை இந்த மாடலில்தான் விட்டார்கள்.

எடை குறைவு என்பதை எண்ணில் சொன்னால் புரியாது. நான் மாதம் இரண்டு தடவையாவது வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்கும் சென்னைக்கும் போய் வருகிறேன். சேர் காரில் முன் சீட்டின் பின்னால் இருக்கும் மடக்குப் பலகையில் இது அளவாக உட்கார்ந்துவிடும். சார்ஜர் பையில்தான் இருக்கும், ஆனால் எடுப்பதில்லை. ஏழு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தில் காட்சிகளை வெட்டி அடுக்கி, சப்டைட்டில் அடித்து முடித்தபிறகும் எழும்பூரில் இறங்கும்போது பேட்டரியில் மிச்சம் இருக்கும். ஆப்பிள் சொல்லும் 15 மணி நேரம் சும்மா இணையம் பார்ப்பதற்கான கணக்கு, எடிட்டிங்குக்கு அது பொருந்தாது. ஆனாலும் ஒரு பகல் தாங்கும். எனக்கு அது போதும்.

சரி, ஃபேனுக்கு வருகிறேன். இந்த லேப்டாப்பில் ஃபேனே கிடையாது. சத்தம் என்ற பேச்சே இல்லை. என்னிடம் முன்பு ஒரு லேப்டாப் இருந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். குரல் பதிவு செய்ய உட்கார்ந்தால் அதன் ஃபேன் சத்தம் மைக்கில் ஏறிவிடும். அதை அடுத்த அறையில் வைத்து, மைக் வயரைக் கதவுக்கு அடியில் இழுத்துவந்து பேசியிருக்கிறேன். பேசி முடித்ததும் எழுந்து போய் நிறுத்த வேண்டும், தப்பாகப் பேசினால் மறுபடி போக வேண்டும். இப்போது மடியில் வைத்துக்கொண்டே பேசுகிறேன், மைக்கில் என் குரல் மட்டும்தான் விழுகிறது. என் மாதிரித் தனியாக வீடியோ செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வார்த்தையில் சொல்ல முடியாது.

ஆனால் ஃபேன் இல்லாததற்கு ஒரு விலை இருக்கிறது. சிப்பில் உண்டாகும் சூடு அலுமினிய உடம்பு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். இரண்டு மூன்று நிமிட வேலைக்கு அது தாராளம். எம்2-வில் வீடியோவைச் சுருக்கி விரிப்பதற்கென்றே தனிப் பகுதி இருப்பதால் சின்ன வீடியோக்கள் சட்டென்று முடிந்துவிடும். ஆனால் கலர் கரெக்‌ஷன், எஃபெக்ட் எல்லாம் போட்ட நீளமான 4கே வீடியோவைத் தொடர்ந்து எக்ஸ்போர்ட் செய்தால், ஒரு கட்டத்தில் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழுது என்று நினைக்க வேண்டாம், அதன் அமைப்பே அப்படித்தான். அதே வருடம் இதே எம்2 சிப் போட்டு வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் ஃபேன் இருக்கிறது. நீண்ட வேலையில் அது வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இதில் நம் ஊர் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே தன் குறிப்பில் எழுதியிருக்கிறது. மே மாத மதுரையில் மத்தியானம் ஏசி இல்லாத அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றே கொதிக்கும்போது அலுமினியம் எங்கே போய்ச் சூட்டை இறக்கும்? அதனால்தான் கோடையில் நீளமான எக்ஸ்போர்ட்டை எல்லாம் விடிகாலையில் வைத்துக்கொள்கிறேன். குளிர்ந்த தரையில் ஒரு ஸ்டாண்டு போட்டு, அடியில் காற்று போகிற மாதிரி வைப்பேன். மெத்தைமேல் வைக்கவே மாட்டேன். வெயில் நேரத்தில் மணிக்கணக்காக ரெண்டர் செய்வதுதான் உங்கள் தொழில் என்றால் இதை வாங்காதீர்கள், ஃபேன் உள்ள மெஷினைப் பாருங்கள். இதை நான் திடமாகச் சொல்வேன்.

அடுத்து மெமரி. இதில் வாங்கும்போது எடுக்கும் முடிவுதான் கடைசி முடிவு. மெமரி சிப்போடு சேர்ந்தே இருக்கிறது, ஸ்டோரேஜ் போர்டில் பற்றவைத்திருக்கிறது. பின்னால் போய்க் கூட்டிக்கொள்ள வழியே இல்லை. ஆரம்ப மாடல் 8 ஜிபி மெமரி, 256 ஜிபி ஸ்டோரேஜ். அந்த 256 ஜிபி மாடலில் ஸ்டோரேஜுக்கு ஒரே ஒரு சிப் வைத்தார்கள். 512-ல் இரண்டு சிப், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அதனால் 256-ன் வேகம் 512-ன் வேகத்தில் ஏறக்குறையப் பாதிதான். மெமரி நிரம்பினால் மேக் மிச்சத்தை ஸ்டோரேஜில் தற்காலிகமாக வைத்து எடுக்கும். 8 ஜிபி சீக்கிரம் நிரம்பும், நிரம்பினால் போய் நிற்பதும் மெதுவான ஸ்டோரேஜில். இந்த இரண்டும் சேர்ந்த மாடலை எடிட்டிங்குக்கு யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2024 அக்டோபரில் ஆப்பிளே விலையை ஏற்றாமல் ஆரம்ப மெமரியை 16 ஜிபி ஆக்கியது. அதனால் பழைய மார்க்கெட்டில் ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் 8-ம் இருக்கும், 16-ம் இருக்கும். ஆப்பிள் மெனுவைத் திறந்து 'அபவுட் திஸ் மேக்' பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

போர்ட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் இரண்டு டைப் சி, சார்ஜ் போட, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் ஒன்று. வலது பக்கம் ஹெட்போன் ஓட்டை மட்டும். மெமரி கார்டு ஸ்லாட் இல்லை, சாதாரண பென்டிரைவ் நேராகப் போகாது. வெளியே ஒரே ஒரு மானிட்டர்தான் எடுக்கும். அதே 2022-ல் வந்த லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் லேப்டாப் இதைவிட எடை குறைவு, அதில் இரண்டு பெரிய யூஎஸ்பியும் ஹெச்டிஎம்ஐயும் வைத்திருக்கிறார்கள். மனம் வைத்தால் இதிலும் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. திரை நல்ல வெளிச்சம், நிறம் அருமை. ஆனால் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவைதான் படம் மாறும், இந்த விலைக்கு அது குறைவு. மேக்சேஃப் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அக்கா வீட்டுக் குட்டிப் பையன் வயரில் கால் தடுக்கினாலும் காந்தம் விட்டுவிடும், லேப்டாப் கீழே விழாது.

இன்னொன்று. சப்டைட்டில் எல்லாம் நான் தமிழில்தான் அடிக்கிறேன். இதில் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கூடவே வருகிறது, தனியாக எதையும் போட வேண்டாம். எழுத்துரு பட்டியலில் 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஒன்று இருக்கும். அந்த எம்என், மலேசியாவின் முத்து நெடுமாறன். நம் எழுத்து இந்தத் திரையில் இவ்வளவு அழகாகத் தெரிவதற்குப் பின்னால் அவருடைய பல வருட உழைப்பு இருக்கிறது. ஒவ்வொரு முறை அந்தப் பெயரைப் பார்க்கும்போதும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இப்போது அக்கா மகளுக்கு வருகிறேன். பி.காம் என்றால் பெரும்பாலும் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் இருக்கும். டேலி பிரைம் விண்டோஸில்தான் ஓடும். பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டுக்கொள்வார்கள், எம் வரிசை சிப்பில் அந்த வசதி இல்லை. பேரலல்ஸ் மாதிரி ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குள் விண்டோஸ் ஓட்டலாம். அதற்கும் மெமரி வேண்டும், தனிச் செலவு. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு அந்தச் சுற்றுவழி? எஞ்சினியரிங் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான். இயந்திரப் பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்.

அதனால் அவளிடம் சொல்லியிருக்கிறேன்: கல்லூரி திறந்ததும் முதல் வாரத்தில் எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வா, அதுவரை யாரும் எதுவும் வாங்க வேண்டாம். பட்டியலில் டேலி இருந்தால் நல்ல விண்டோஸ் லேப்டாப். இல்லாமல் எழுத்து வேலை, எக்செல், கொஞ்சம் வீடியோ என்று இருந்தால் 16 ஜிபி உள்ள ஏர், அதுவும் விலை ஒத்துவந்தால் எம்4. அது 99,900-க்கு வந்தது, லேப்டாப் திறந்திருக்கும்போதே வெளியே இரண்டு மானிட்டர் எடுக்கும்.

எம்2-வைப் பழையதாக வாங்குகிறவர்கள் மூன்றைப் பாருங்கள். பேட்டரி சைக்கிள் எண்ணிக்கை, ஒரு முழு சார்ஜ் அளவு தீர்ந்தால் அது ஒரு சைக்கிள், இதன் பேட்டரி 1,000 சைக்கிளுக்குச் செய்தது. பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பது. அப்புறம் கடைக்காரர் முன்னாலேயே முழுசாக அழித்து, வைஃபை கொடுத்து, புதிதாக ஆரம்பித்துப் பார்ப்பது. 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று திரையில் வந்தால் அது ஏதோ ஒரு கம்பெனியின் பிடியில் இன்னும் இருக்கிற மெஷின், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் இன்னும் எட்டு நிமிடம் காட்டுகிறது. வெயில் மாடிக்கு ஏறுவதற்குள் முடிந்துவிடும். சூளை வீடியோ இன்று சாயங்காலம் வரும், பாருங்கள். வருகிறேன்.