நீட்சி நிறுவும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கோவில் சங்கமோ, பிள்ளைகளின் தமிழ் வகுப்போ, இப்போது நம் மொரீஷியஸில் உறுப்பினர் பட்டியல் பெரும்பாலும் கணினியில்தான். அதில் பெயர் தேடிப் பார்த்தவர்களுக்குப் பாடு தெரியும். ஒரே குடும்பத்தில் அண்ணன் ராமசாமி, தம்பி ராமசௌமி, சித்தப்பா ரம்சாமி. அன்றைக்குப் பதிவேட்டில் எழுதியவர் கை போன போக்கு அப்படி!

இதற்கு போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 'பிஜி டிஆர்ஜிஎம்' என்ற நீட்சி, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன், இருக்கிறது. பெயரை மும்மூன்று எழுத்தாக நறுக்கி ஒப்பிட்டு, கிட்டத்தட்ட ஒத்துவருவதை எடுத்துக் கொடுக்கும். நல்ல சாமான். நான் சொல்ல வந்தது இது போன்ற நீட்சிகளை நிறுவும் நேரத்தைப் பற்றி.

நீட்சியோடு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது நிறுவும்போது ஓடும் கட்டளைத் தொகுப்பு, வரும். அது பெரும்பாலும் சூப்பர்யூசர், அதாவது எதையும் செய்யக்கூடிய தலைமை நிர்வாகிக் கணக்கின், அதிகாரத்தில் ஓடும். போஸ்ட்கிரஸ் 13ஆம் பதிப்பிலிருந்து நம்பகமானவை என்று குறிக்கப்பட்ட சில நீட்சிகளைச் சாதாரணக் கணக்கும் நிறுவலாம். அப்போதும் ஸ்கிரிப்ட் ஓடுவது சூப்பர்யூசர் பெயரில்தான். 2020 ஆகஸ்டில் அடைத்த பாதுகாப்பு ஓட்டை இங்கேதான் இருந்தது. ஸ்கிரிப்ட் ஒரு செயற்கூறை, அதாவது தரவுத்தளத்தில் பெயரிட்டு வைத்த சிறு நிரலை, வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடும். ரோஸ் ஹில் சந்தையில் 'சாமி' என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிற சாமிதானே திரும்புவார்? அதே பெயரில் வேறொருவர் முன்கூட்டியே நிறுத்தி வைத்த செயற்கூறு திரும்பிவிடும்.

2022 ஆகஸ்டில் வெளிவந்த ஓட்டை இன்னும் நுணுக்கமானது. நீட்சி உருவாக்கப்போகும் செயற்கூறின் பெயரை ஒருவர் முன்பே தெரிந்துகொண்டு, அதே பெயரில் ஒன்றைத் தன் சாதாரணக் கணக்கில் உருவாக்கி வைக்கிறார். பிறகு நிர்வாகி நீட்சியை நிறுவுகிறார். ஸ்கிரிப்டில் 'இருந்தால் மாற்றி எழுது' என்று இருப்பதால் உள்ளடக்கம் மாறுகிறது, உரிமையாளர் மட்டும் மாறுவதில்லை. அப்புறம் அதை முன்பே உருவாக்கி வைத்தவர் சாவகாசமாக வந்து உள்ளடக்கத்தைத் தனக்கு வேண்டியபடி திருத்தலாம். அதை நிர்வாகி அழைக்கும்போது, நிர்வாகியின் அதிகாரத்திலேயே அது ஓடும். கடவுச்சொல் எதையும் திருட வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும்.

14.5, 13.8 போன்ற பதிப்புகளில் இதைச் சர்வரிலேயே தடுத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் ஏற்கனவே இருப்பது நீட்சிக்குச் சொந்தமில்லை என்றால் நிறுவல் பிழை காட்டி நின்றுவிடும். ஒவ்வொரு நீட்சியையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியதில்லை. ஆனாலும் 2023 ஆகஸ்டில் நீட்சி ஸ்கிரிப்டுகளில் வேறொரு ஓட்டையை அடைக்க வேண்டி வந்தது. ஆகவே சர்வரைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

இதற்கெல்லாம் வசதி செய்து கொடுத்தது 'பப்ளிக்' என்ற ஸ்கீமா, அதாவது தரவுத்தளத்துக்குள் இருக்கும் பொது அறை. வெகு காலம் அங்கே யார் வேண்டுமானாலும் எதையும் உருவாக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 15ஆம் பதிப்பில் அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். சரி, நாங்கள் 15க்கு வந்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பழைய தரவுத்தளத்தை மேம்படுத்தினாலும், காப்புப் பிரதியிலிருந்து மீட்டாலும், பழைய உரிமை அப்படியே கூடவே வரும். புதிதாக உருவாக்கிய தரவுத்தளத்தில்தான் மாற்றம்.

பார்ப்பது எளிது. போஸ்ட்கிரஸுக்குக் கட்டளை அடிக்கும் பீஎஸ்க்யூஎல் திரையில் பேக்ஸ்லாஷ் போட்டு டி, என், பிளஸ் என்று அடியுங்கள். பப்ளிக் வரிசையில், முன்னால் எந்தப் பெயரும் இல்லாமல் வெறும் சமக்குறியும், அதன் பின் யு, சி என்ற இரண்டு எழுத்தும் இருந்தால் கதவு திறந்திருக்கிறது; சி என்பதுதான் உருவாக்கும் உரிமை. யு மட்டும் இருந்தால் சரி. மூட வேண்டிய கட்டளை: ரிவோக் கிரியேட் ஆன் ஸ்கீமா பப்ளிக் ஃப்ரம் பப்ளிக். முதல் பப்ளிக் ஸ்கீமா, இரண்டாவது எல்லோரும்.

ஏற்கனவே உள்ளே வந்ததை இந்தக் கட்டளை நீக்காது. பேக்ஸ்லாஷ், டி, எஃப், பிளஸ் அடித்து உரிமையாளர் பத்தியைப் பாருங்கள். நீட்சியின் செயற்கூறுக்கு எதிரே உங்கள் வலைத்தளத்தின் சாதாரணக் கணக்கு நின்றால், நிர்வாகியாக இருந்துகொண்டு அதை அழைக்காதீர்கள். யார், எப்போது உருவாக்கினார் என்று முதலில் விசாரியுங்கள். தனிப்பட்ட தகவல் வெளியே போயிருக்கிறது என்று தெரிந்தால், நம் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கூடுமானவரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கம் சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.