கோத்தகிரி உலைக்கு வந்த நிலக்கரியில் கார்பன் எவ்வளவு?

(காட்சி: மூடுபனிக்குள் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. உலைக்கூட வாசலில் கொட்டிக் கிடக்கும் நிலக்கரி.)

வணக்கம். நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டவும் தூளை உலர்த்தவும் வேண்டிய சூடான காற்றைப் பெரும்பாலும் விறகு உலைகளே தருகின்றன; நிலக்கரி எரிக்கும் உலைகளும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வரும் அந்தக் கரிக்கு எடை பார்த்துத்தான் விலை கொடுக்கிறோம். வெப்பத்தில் பெரும்பங்கைத் தருவதோ அதிலுள்ள கார்பன். உடன் வரும் நீரும் சாம்பலும் எடையைக் கூட்டுவதோடு சரி.

கார்பனின் அளவை அறிய, ஆய்வகத்தில் மாதிரியை ஆக்சிஜனில் முழுவதுமாக எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பார்கள். நம்பகமான முறைதான், ஆனால் மாதிரி மலையிறங்கிப் போய், முடிவு மலையேறி வருவதற்குள் குவியலில் பாதி எரிந்திருக்கும். லேசர் நிறமாலை முறை அந்தக் காத்திருப்பைச் சில நிமிடங்களாகச் சுருக்குகிறது.

(காட்சி: நாணய அளவுள்ள கரிய வில்லை, மிக அருகில்.)

மாவாக அரைத்த கரியை அழுத்தி இப்படி வில்லையாக்குகிறார்கள். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் துடிப்பு, நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடித்து, வில்லையின் ஒரு புள்ளியில் குவிகிறது. ‘டப்’ என்ற ஒலியோடு அந்தப் புள்ளி ஆவியாகி, பத்தாயிரம் டிகிரி அளவு வெப்பமுள்ள பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் கொண்டு ஒளிரும் வாயுவாக, மாறுகிறது. முதலில் எழுவது எல்லா நிறங்களும் கலந்த வெறும் வெளிச்சம் என்பதால், ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி பொறுத்த பிறகே கருவி ஒளியைப் பதிவு செய்கிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிர்வது நிறமாலையில் கோடுகளாகத் தெரியும். கார்பனின் கோடு 247.86 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் விழுகிறது. 247.98-இல் இரும்பின் கோடு ஒட்டி நிற்பதால், பைரைட் என்ற இரும்புக் கனிமம் கலந்த கரியில் இரண்டையும் பிரித்தறியக் கூர்மையான நிறமாலைமானி வேண்டும்.

கோடு பிரகாசமாக இருந்தால் கார்பன் அதிகம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பிளாஸ்மா குளிரும்போது கார்பனில் ஒரு பகுதி காற்றின் நைட்ரஜனோடு சேர்ந்து 388 நானோமீட்டரை ஒட்டி ஊதாவாக ஒளிர்கிறது. இன்னொரு பகுதி, இரண்டிரண்டு கார்பன் அணுக்களாக இணைந்து 516-ஐ ஒட்டிப் பச்சையாக ஒளிர்கிறது. எளிதில் ஆவியாகும் பொருள்களின் அளவு கரிக்குக் கரி வேறுபடுவதால், கார்பன் சமமாக உள்ள இரண்டு மாதிரிகள்கூட வெவ்வேறு பிரகாசத்தைக் காட்டக்கூடும். மூன்று ஒளிர்வுகளையும் சேர்த்துக் கணக்கிடும்போதுதான் விடை, எரித்து அளந்த அளவுக்கு நெருங்கி வருகிறது.

மலையில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பனியில் நனைந்த கரியில் லேசரின் ஆற்றல் நீரை ஆவியாக்குவதிலும் செலவாகிவிடும் என்பதால், வில்லையாக்கும் முன் மாதிரியை உலர்த்தியாக வேண்டும். மற்றது காற்று. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறையும்போது பிளாஸ்மா கூடுதலாக விரிந்து, கோடுகளின் பிரகாசமும் மாறுகிறது. ஆகவே சமவெளியில் செய்த அளவுத்திருத்தத்தை அப்படியே இங்கே நம்ப இயலாது. கார்பன் அளவு முன்பே தெரிந்த வில்லைகளை இதே காற்றில் சுட்டு, புதிதாகத் திருத்த வேண்டும்.

வில்லையை மூடிய அறைக்குள் வைத்து, அழுத்தத்தை நிலைநிறுத்தி ஆர்கான் என்ற மந்த வாயுவை நிரப்பினால், காற்றின் நைட்ரஜனும் உயரமும் ஒருசேரக் கணக்கிலிருந்து விலகும். ஆனால் அந்த ஆர்கான் சிலிண்டரும் மேட்டுப்பாளையத்திலிருந்து இதே வளைவுகளில் லாரியேறித்தான் வர வேண்டும்.