சிவகாமி மகன் யாராக இருந்தால் என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'திரைப்பாட்டின் உட்பொருளைத் திறந்து காட்டுவது பாட்டு பிறந்த கதையா, பாட்டின் வரிகளா?' என்பது தலைப்பு. வரிகளே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் சிவகாமி மகனைச் சொல்லிப் பெரிய கைத்தட்டல் வாங்கினார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1967-ல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டு. 'அந்த சிவகாமி மகனிடம் சேதி சொல்லடி, என்னைச் சேரும் நாள் பார்க்கச் சொல்லடி.' காமராஜருடைய தாயார் பெயர் சிவகாமி அம்மையார். அதனால் இது கவிஞர் பெருந்தலைவருக்கு விட்ட தூது, அது தெரியாதவனுக்குப் பாட்டின் ஆழமே தெரியாது என்றார். இந்தக் கதையை நானும் கேட்டிருக்கிறேன். அதோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் கதை தெரிந்ததும் நமக்குள் என்ன நடக்கிறது? 'ஓகோ, காமராஜரா!' என்கிறோம். விடுகதைக்கு விடை கிடைத்த மாதிரி திருப்திப்பட்டுக்கொண்டு, பாட்டைக் கவனிப்பதை அதோடு விட்டுவிடுகிறோம்.

விடாமல் இன்னும் இரண்டு வரி கேளுங்கள். 'வேலன் இல்லாமல் தோகை ஏதடி' என்று வருகிறது. தோகை மயிலுக்கும் பெயர், பெண்ணுக்கும் பெயர். வேலன் ஏறாத மயிலுக்கு என்ன பெருமை? அவன் வராமல் இந்தப் பெண்ணுக்கு என்ன வாழ்வு? இரண்டு கேள்வியும் நாலே சொல்லில் நிற்கின்றன. சிவகாமி அம்பிகையின் பெயர், அவள் மகன் முருகன். தோழியைத் தூது அனுப்பும் தலைவியைச் சங்கப் பாட்டிலிருந்து நமக்குத் தெரியும். கடவுளையே காதலனாக்கிக் கொண்டவளை ஆண்டாளிடம் பார்த்திருக்கிறோம். அந்த இரண்டு பேரும் இங்கே ஒரே குரலில் பேசுகிறார்கள். இதைப் பார்க்க எந்த அரசியல் செய்தியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும்.

'அண்ணன் என்னடா தம்பி என்னடா' பாட்டையும் சொன்னார்கள். கவிஞர் தன் அண்ணனோடு பட்ட மனவருத்தத்தில் எழுதியது என்று ஒரு கதை. சரி, 'பழனி' படத்தின் கதை என்ன? தம்பிகளுக்காகவே உழைத்து, கடைசியில் தம்பிகளாலேயே கைவிடப்படும் ஒரு விவசாயி. படமே அந்தப் பாட்டைக் கேட்கிறது! அப்புறம் 'காசில்லாதவன் குடும்பத்திலே' என்ற அடியைப் பாருங்கள். குற்றத்தை அண்ணன் மேலும் போடவில்லை, தம்பி மேலும் போடவில்லை, வறுமையின் மேல் போடுகிறார். 'கவிஞர் வீட்டுச் சண்டை' என்று சுருக்கிவிட்டால் அந்தப் பெரிய நியாயம் காணாமல் போய்விடும்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் 'அன்பே வா'வுக்குப் போனார். 'உதய சூரியன்' என்று எழுதியதைத் தணிக்கைக்காக 'புதிய சூரியன்' என்று மாற்றிய செய்தியைச் சொன்னார். நல்ல செய்தி. ஆனால் 1966 பொங்கலுக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ரசிகருக்கு அந்தச் செய்தியை யார் போய்ச் சொன்னார்கள்? 'புதிய சூரியனின் பார்வையிலே' என்று எம்.ஜி.ஆர். வாயசைத்ததும், எந்தக் கட்சியின் சூரியன் என்று அவருக்கே புரிந்தது. விசில் அடித்தார்.

அவரே இன்னொன்றும் கேட்டார். 'மந்திரி குமாரி' படத்தின் 'வாராய் நீ வாராய்' கேட்பதற்குக் காதல் பாட்டு. படத்தில் கணவன் மனைவியை மலை உச்சியிலிருந்து தள்ளிக் கொல்லக் கூட்டிப்போகும் பாட்டு. கதை தெரியாமல் இதை எப்படிப் புரிந்துகொள்வது என்றார். நடுவர் அவர்களே, படத்தில் வரும் காட்சி வேறு, படத்துக்கு வெளியே உலவும் கதை வேறு. காட்சிக்காகத்தான் பாட்டே எழுதப்படுகிறது, அது பாட்டின் உடம்பு. அதையும் விட்டுவிடுகிறேன். படமே பார்க்காதவர் வெறும் பாட்டைக் கேட்கட்டும். 'போகுமிடம் வெகு தூரமில்லை' என்கிறான். போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன கிடைக்குமாம்? 'முடிவிலா மோன நிலை'! காதலியை அழைக்கிறவன் முடிவே இல்லாத மௌனத்தைக் காட்டியா அழைப்பான்? கொலையை அந்த வரியிலேயே வைத்திருக்கிறார்கள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் அவ்வளவு இனிமையாகப் பாடுவதால் நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கடைசியாக ஒரு பாட்டு. 'வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ.' 1962-ல் 'பாத காணிக்கை'க்குக் கண்ணதாசன் எழுதியது. இது பட்டினத்தார் பாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே' என்று தொடங்குகிறார் பட்டினத்தார். செல்வம் வீட்டோடு சரி, மனைவி வீதியோடு சரி, பிள்ளைகள் சுடுகாட்டோடு சரி. அதன் பிறகு? 'பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே.' சித்தருக்குச் சந்தேகமே இல்லை. எது கூட வரும் என்று அவருக்குத் தெரியும்.

கவிஞர் செல்வம் இருந்த இடத்தில் உறவை வைத்தார். வீடு, வீதி, காடு என்று தூரம் கூடக் கூட ஒவ்வொருவராக விலகுவதை அப்படியே வைத்துக்கொண்டார். முடிவை மட்டும் மாற்றினார். புண்ணிய பாவம் இருந்த இடத்தில் 'யாரோ' என்று நிறுத்தினார். அந்த ஓகாரத்தில் பதில் கிடையாது. கடவுளா, வினையா, யாருமே இல்லையா? கேட்கிறவர் தன் மனதுக்குள் தேட வேண்டியதுதான். பட்டினத்தாரின் உறுதி இந்தக் காலத்து மனிதனின் தவிப்பாக மாறியது அந்த ஒரு சொல்லில்தான்.

ஊரில் துக்க வீட்டில் மைக்செட்காரர் இந்தப் பாட்டைப் போடுகிறார். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்குப் படத்தின் பெயரும் தெரியாது, எழுதியவரின் வாழ்க்கையும் தெரியாது. 'கடைசி வரை யாரோ' வரும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பாட்டு புரியாமலா அழுகிறார்கள்?

எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அந்த 'யாரோ'வின் பொருளைத் திறக்கும் கதை ஒன்று இருந்தால், அவர் மேடையேறும்போது அதை முதலில் சொல்லட்டும். கேட்கக் காத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.