பக்கவிளைவே மருந்தான கதை! பிள்ளைக்கு வாரக்கணக்குல ஆன்டிபயாட்டிக் ஏன்?

பிள்ளைக்குக் கிருமித் தொற்றே இல்ல. ஆனா டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதுறாரு, அதுவும் வாரக்கணக்குல! மருந்தை மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு ஃபார்மசியில சண்டைக்குப் போயிடாதீங்க.

வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட்லேர்ந்து பேசுறேன். சில பிள்ளைங்களுக்கு வயிறு காலியாக ரொம்ப நேரமாகும். ரெண்டு வாய்க்கே போதும்பாங்க, காலையில தின்னதைச் சாயங்காலம் வாந்தியெடுப்பாங்க. இதுக்குப் பேருதான் கேஸ்ட்ரோபரேசிஸ். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வந்தா பெரும்பாலும் மெல்லச் சரியாயிடும். பாடம் முடிஞ்சது!

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். இதுக்கு டாக்டர் எழுதுற ஆன்டிபயாட்டிக், எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸ் இலோய்லோ மண்ணுலேர்ந்து கிடைச்சது, 1952ல மருந்தா வந்துச்சு. சாப்பிட்ட பல பேரு "வயித்தைப் பிசையுது"ன்னு புலம்பினாங்க. ஏன்? நம்ம குடல்ல மோட்டிலின்னு ஒரு ஹார்மோன் இருக்கு. அதுதான் வயித்துக்குக் கங்காணி. வெறும் வயித்துல ஒன்றரை, ரெண்டு மணிக்கொரு தரம் பெரட்டுக்குக் கூப்பிட்டு, மிச்சம் மீதியைக் கீழ தள்ளச் சொல்லும். எரித்ரோமைசின் அதே கங்காணியோட சட்டையை மாட்டிக்கிட்டு வந்து அதட்டுது, வயிறும் நம்பி வேலைக்கு இறங்கிடுது! கிருமியைக் கொல்ற அளவுகூட வேணாம், கொஞ்சமே போதும். ஆனா சில வாரத்துல ஆளு போலின்னு தெரிஞ்சு வயிறு அசையாது. அதனாலதான் டாக்டர் இடையில நிறுத்திட்டு மறுபடி தொடங்குவாரு.

வயித்தை அசைக்க வேற மருந்தும் இருக்கு. மெட்டோகுளோபிரமைடு வேற ரகம். நாக்கு, முகம் தன்னால கோணி அசையிற கோளாறு வரலாம், சில பேருக்கு மருந்தை நிறுத்தினாலும் போகாது. 12 வாரத்துக்கு மேல வேணாம்னு 2009லயே அமெரிக்கா கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிச்சிருக்கு. அதே வேலைக்குக் கொடுக்கிற டொம்பெரிடோன் இதயத் துடிப்பைக் கெடுக்கலாம்னு ஐரோப்பா 2014ல கட்டுப்பாடு போட்டுச்சு.

இதைக் கவனமா கேளுங்க. டொம்பெரிடோனைக் கல்லீரல்தான் கரைச்சு வெளியேத்தும். எரித்ரோமைசின் அந்த வேலையைத் தடுத்திடும். ரெண்டும் சேர்ந்தா ரத்தத்துல டொம்பெரிடோன் ஏறி, இதயத்துக்கு ஆபத்து. வயித்துக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணு, இருமலுக்கு டவுன் கிளினிக்ல இன்னொண்ணு, இப்படித்தான் ரெண்டும் ஒரே வீட்டுல சந்திச்சுக்குது! கிளினிக்ல கொடுக்கிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பை இருக்கே, மருந்து பேரு தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைக் காட்டுங்க.

பிள்ளை நல்லா தின்னுதேன்னு நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க. "இன்னும் எத்தனை வாரம்? ஈ.சி.ஜி. எடுக்கணுமா?"ன்னு கேளுங்க, கேக்குறதுல என்ன வெக்கம்? அப்புறம் நாசி லெமாக், சந்தான் கறி கொஞ்சம் குறைங்க, கொழுப்பு வயித்தை இன்னும் மந்தமாக்கும். கோவிச்சுக்காதீங்க லா.

கேள்வி இருந்தா கமெண்ட்ல போடுங்க. டோஸ் மட்டும் என்கிட்ட கேக்காதீங்க!