வெள்ளி தீர்ந்த பிறகும் நின்ற விடுதிகள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜப்பானின் வடகிழக்கில் யமகாட்டா மாநிலம். அங்கே ஒபனாசாவா என்ற நகரத்தின் எல்லைக்குள், ஒரு மலை இடுக்கில் இருக்கிறது கின்சான் என்னும் சிற்றூர். நடுவே ஓர் ஆறு. இரு கரையிலும் மூன்று மாடியும் நான்கு மாடியுமாக நெருக்கி நிற்கும் மரக்கட்டடங்கள். எல்லாம் வெந்நீரூற்று விடுதிகள். பனி பெய்யும் இரவில், காஸ் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த அதன் படம் உங்களில் பலருடைய கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கும். படத்தைப் பார்த்தால், செல்வர்கள் ஓய்வெடுக்கவே கட்டிய ஊர் என்று தோன்றும். ஆனால் அது சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். அவர்களிடமிருந்து தொடங்காமல் அந்த விடுதிகளின் வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது என்பது என் எண்ணம்.

1456ஆம் ஆண்டில், ககா என்ற அன்றைய ஜப்பானிய மாகாணத்தின் கனசாவாவிலிருந்து வந்த ஒருவர் இம்மலையில் வெள்ளித் தாதுவைக் கண்டார் என்பது மரபுவழிச் செய்தி. நோபெசாவா வெள்ளிச் சுரங்கம் என்று பெயர் பெற்றது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது உச்சத்தில் இருந்தது. இவாமி, இகுனோ ஆகிய பெரும் வெள்ளிச் சுரங்கங்களோடு சேர்த்து எண்ணப்படும் அளவுக்கு வளர்ந்து, அன்று ஜப்பானை ஆண்ட டோக்குகாவா ஆட்சியின் நேரடி நிர்வாகத்துக்குள் போனது.

அந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதியில் இன்றும் நடந்து போகலாம். உள்ளே போகிறவர்கள் முதலில் நிமிர்ந்து மேற்கூரையைப் பார்க்க வேண்டும். பாறை கறுத்துக் கிடக்கும். வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளக்கும் வழக்கம் அந்நாட்டுச் சுரங்கங்களில் அப்போது இல்லை. பாறை முகத்தில் விறகையும் கரியையும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். பாறை சூடேறி விரிந்து, பிறகு குளிரும்போது உள்ளுக்குள் வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பெயர்ப்பார்கள். காற்றுப் போக வழி குறைந்த பொந்துக்குள் மூட்டிய தீ அது. அதன் புகைக்கரிதான் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புகையை மூச்சாக இழுத்த மனிதர்களின் பெயர் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. எவ்வளவு வெள்ளி எடுத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எத்தனை பேருடைய நெஞ்சு அந்தக் கல் தூசியில் அடைத்துப் போனது என்று கேட்பவர்கள் குறைவு.

அந்த மனிதர்கள்தாம் ஆற்றுக்குள்ளேயே வெந்நீர் ஊறுவதைக் கண்டவர்கள். 1624க்கும் 1644க்கும் இடைப்பட்ட கானெய் காலத்தில் என்று ஊர் வரலாறு சொல்கிறது. உப்பும் கந்தகமும் கலந்த நீர், கை வைக்க முடியாத சூடு. நாள் முழுக்கக் குனிந்து பாறை உடைத்த உடம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆற்று நீரும் ஊற்று நீரும் கலக்கும் இடத்தில் இறங்கி உட்கார்ந்தால் போதும். விடுதி என்ற ஒன்று வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது இந்தக் குளியல்தான்.

வெள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை. விளைச்சல் சரிந்து, 1689இல் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு தற்செயலைச் சொல்கிறேன். கவிஞர் பாஷோ தம் வடநாட்டுப் பயணத்தில் ஒபனாசாவாவுக்கு வந்து, செய்ஃபூ என்ற வணிகரின் விருந்தினராகப் பத்து நாள் போலத் தங்கியது அதே 1689ஆம் ஆண்டு கோடையில். செய்ஃபூ வெள்ளி வணிகர் அல்லர், குசும்பப்பூ வணிகர். சாயத்துக்கும் உதட்டுச் சிவப்புக்கும் கியோட்டோ வரை போன பூ அது. வட்டாரத்தின் செல்வம் மலையிலிருந்து வயலுக்கு இறங்கிவிட்டது.

பொதுவாகச் சுரங்கம் மூடினால் ஊரும் மூடும். கடைக்காரர் போவார், கொல்லர் போவார், கூரை சரியும், காடு திரும்ப வரும். கின்சானில் அப்படி நடக்கவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்காகத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன். சுற்றுலா ஏடுகள் இந்த இடத்தில் ஒரே வரியில் இருநூறு ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த இருநூறு ஆண்டுகளும் விவசாயிகளுக்கு உரியவை.

ஜப்பானின் வடபுலத்தில் தோஜி என்றொரு வழக்கம் உண்டு. நடவு முடிந்த பிறகோ, அறுவடை முடிந்த பிறகோ, பனி மூடி வேலையற்றுக் கிடக்கும் நாள்களிலோ விவசாயக் குடும்பங்கள் வெந்நீரூற்றுக்குப் போய்த் தங்குவார்கள். ஓரிரவு தங்கல் அன்று. ஏழு நாள் ஒரு சுற்று, முடிந்தவர்களுக்கு மூன்று சுற்று. அரிசி, மிசோ என்னும் சோயா விழுது, ஊறுகாய் எல்லாம் முதுகில் வரும். விடுதிக்காரர் தருவது கூரையும் அடுப்பும் வெந்நீரும். சமையல் அவரவர் பாடு. இடுப்பு வலிக்காரர் ஒருவர், பிள்ளை பெற்று உடம்பு தேறாத பெண் ஒருவர், நடவில் கால் வெடித்த கிழவர் ஒருவர் என்று ஒரே தொட்டியில் உட்கார்ந்து பேசிப் பேசி ஆண்டுதோறும் பழகியவர்கள். சுரங்கம் போன பிறகு கின்சானைக் காத்தவர்கள் இவர்கள். பெரும் பணம் எதுவும் தரவில்லை. ஆண்டு தவறாமல் வந்தார்கள், அவ்வளவுதான். ஒரு விடுதி உயிரோடு இருக்க அது போதும்.

1892இல் நோட்டோயா என்ற விடுதி தொடங்கப்பட்டது. 1913இல் ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஊரிலிருந்த விடுதிகளில் பெரும்பாலானவற்றை அடித்துச் சென்றது. இடம் குறுகலான பள்ளத்தாக்கு. ஆறு பொங்கினால் ஒதுங்க வழியில்லை. அங்கேயே திரும்பக் கட்டுவதா, விட்டுவிட்டுப் போவதா என்ற நிலையில், வட்டாரத்துச் செல்வர்கள் சேர்ந்து நீர்மின் நிலையம் அமைக்க உதவினார்கள். ஊரை அழித்த ஆற்றின் வேகத்திலிருந்தே விளக்குக்கு மின்சாரம் எடுத்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செயல் இதுதான். நோட்டோயாவின் இன்றைய கட்டடம் 1921இல் எழுந்தது. 1920களின் நடுவில் ஆழ்துளையிட்டபோது சூடான நீர் மிகுதியாகக் கிடைத்தது. மற்ற விடுதிகளும் மாடி வைத்து, மேனாட்டுப் பாணியில் முகப்பு மாடம் வைத்துக் கட்டின. நாம் இன்று படத்தில் பார்க்கும் கின்சான் அப்போது உருவானது.

அந்த முகப்புகளில் ஒன்றை மட்டும் கவனித்துப் பார்க்கச் சொல்வேன். சன்னல் கதவுகளைத் தள்ளி ஒதுக்கும் மரப்பெட்டியின் வெளிப்பக்கத்தில் சுண்ணச்சாந்தால் புடைப்புச் சித்திரங்கள் இருக்கும். சுவர் பூசுகிற அதே கொத்தனார், அதே கரணையால் இழுத்து உருவாக்கியவை. நம் ஊர்ச் சுதை வேலைக்காரர்கள் பார்த்தால் உடனே கைப்பழக்கத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். இரும்புக் கரணையின் விளிம்பு பட்ட தடம், வண்ணம் சேர்த்த சாந்தின் தடிப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெள்ளத்தில் எல்லாம் போன ஊர், அழகுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறது.

1983இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் ‘ஓஷின்’ தொடர் வந்தது. ஏழைக் குடியானவப் பெண்ணின் கதை. அவளுடைய தாய் வேலை செய்யும் இடமாகக் கின்சான் வருகிறது. நாடே பார்த்த தொடர் அது. கூட்டம் வந்தது. கூட்டத்தோடு, பழையதை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டலாம் என்ற ஆசையும் வரும். ஜப்பானின் எத்தனையோ வெந்நீரூற்று ஊர்கள் அப்படித்தான் ஆயின. ஒபனாசாவா நகராட்சி 1986இல் கின்சானின் வீட்டு வரிசையைக் காக்க ஓர் உள்ளூர்ச் சட்டம் இயற்றியது. வருமானம் பெருகும் நேரத்தில் தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட மக்களை நான் மதிக்கிறேன். ஓஷின்தான் ஊரைக் காப்பாற்றினாள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவள் கூட்டத்தைக் கொண்டுவந்தாள். காப்பாற்றியது அந்தச் சட்டமும், அதற்கு இணங்கிய விடுதிக்காரர்களும்.

இப்போது வேறு வகை வெள்ளம். படம் எடுக்க வருகிறவர்களின் கூட்டத்தில் தெரு திணறுகிறது. 2025 ஜனவரியில், அந்தப் பனிக்காலத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மாலை 5 மணிக்கு மேல், விடுதியில் தங்காதவர்கள் உள்ளே வர முன்பதிவு டிக்கெட் வேண்டியிருந்தது. இரவு 8 மணிக்கு மேல் தங்குவோருக்கு மட்டுமே இடம் இருந்தது. இதைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு இது 1986இன் தொடர்ச்சியாகவே தெரிகிறது.

உங்களில் யாராவது அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால், பனி இல்லாத மாதங்களில் போங்கள். பனிக்காலத்தில் சுரங்கத்துக்கு வழி அடைபட்டிருக்கும். வந்ததும் விடுதிக்குள் நுழைந்துவிடாமல், தெருவைக் கடந்து, அருவியைத் தாண்டி மேலே ஏறிச் சுரங்கத்தை முதலில் பாருங்கள். கூரையில் உள்ள கரியைப் பார்த்த பிறகு கீழே வந்து வெந்நீரில் இறங்குங்கள். யாருக்காக அந்த நீர் முதலில் பயன்பட்டது என்பது அப்போது உடம்புக்கே தெரியும். நன்றி, வணக்கம்.