மலையும் அடுக்களையும்

தொழில் தொடங்கும் கனவோடு வந்திருக்கும் இளைஞர்களுக்கும், அவர்களுடைய திட்ட அறிக்கையைப் படித்துக் கடன் கொடுக்க வேண்டிய வங்கி நண்பர்களுக்கும் வணக்கம்.

முதலீடு கேட்டு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம்: "ஸ்விக்கி மாதிரிதான் சார், ஆனா பிளம்பருக்கு." கேட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது போல இருக்கும். அதுதான் ஆபத்து. பசி தினமும் எடுக்கும். குழாய் எப்போதாவதுதான் ஒழுகும். நன்றாக வேலை செய்துகொடுத்த பிளம்பரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை நடுவில் ஒரு செயலி எதற்கு? ஸ்விக்கியை ஓட வைப்பது திரும்பத் திரும்ப வரும் ஆர்டர். அது இல்லாத தொழிலுக்கு அந்தப் பெயரைக் கடன் வாங்கி என்ன பயன்?

இதை எடைபோடும் பாடம் நம் மொழியிலேயே இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். இம்மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. இதைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுழையக்கூடிய போலிகளையும் வரிசையாக விளக்குகிறார். வணிகவியல் மாணவர்கள் இதைப் படிக்காமலே பட்டம் வாங்குவதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மலையும் அடுக்களையும் பார்வைக்கு எந்த வகையிலும் ஒன்றல்ல. இருந்தும் உவமை நிற்கிறது. நெருப்பில்லாமல் புகையில்லை என்ற பிணைப்பு இரண்டு இடத்திலும் அறுபடாமல் இருப்பதுதான் காரணம்.

இப்போது இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்து, பிணைப்பு மட்டும் அறுந்த கதை. அமெரிக்காவில் 1902-இல் தொடங்கிய ஜே.சி.பென்னி, அப்போது சுமார் 1,100 கடைகள் வைத்திருந்த துணிக்கடை நிறுவனம். 2011 நவம்பரில் அதன் தலைமைக்கு ரான் ஜான்சன் வந்தார். ஆப்பிளின் கடைகளை உருவாக்கிப் புகழ் பெற்றவர். ஆப்பிள் கடையில் தள்ளுபடி கிடையாது, கூப்பன் கிடையாது, ஒரே விலை, கூட்டமோ அலைமோதும். அதே வழியில் 2012 பிப்ரவரியில் பென்னியிலும் கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடி விற்பனையையும் நிறுத்திவிட்டு, தினமும் ஒரே நியாய விலை என்று அறிவித்தார்.

அதுவும் கடை, இதுவும் கடை. அங்கும் வாடிக்கையாளர், இங்கும் வாடிக்கையாளர். கேட்டவர்கள் தலையாட்டத்தானே செய்வார்கள்? ஆனால் ஐபோனுக்கு வேறொரு கடையில் பெரிய விலைக்குறைப்பு கிடைக்காது. வருகிறவர் அந்தப் பொருளுக்காகவே வருகிறார். பென்னியில் தொங்கிய சட்டை போன்ற சட்டை பக்கத்துக் கடையிலும் தொங்கியது. அங்கே வந்தவர்கள் பல காலமாக விலைச்சீட்டில் உள்ள எண்ணை நம்பியதே இல்லை. கூப்பனைக் கத்தரித்து வைத்திருந்து, பாதி விலைக்கு வாங்கி, பில்லில் 'நீங்கள் மிச்சப்படுத்தியது இவ்வளவு' என்ற வரியைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அவர்கள். ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்த மகிழ்ச்சி தெரியும். அந்த மகிழ்ச்சியைப் பிடுங்கிவிட்டு, "இது நியாய விலை" என்றால் யார் வருவார்கள்?

ஒரே ஆண்டில் விற்பனை சுமார் 1,700 கோடி டாலரிலிருந்து 1,300 கோடி டாலராகச் சரிந்தது. நஷ்டம் மட்டும் 98 கோடி டாலருக்கு மேல். 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேற்றப்பட்டார். என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சில கடைகளில் சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்டபோது, ஆப்பிளில் நாங்கள் சோதித்ததில்லை என்று அவர் பதில் சொன்னதாகச் செய்திகள் வந்தன. உவமையைச் சரிபார்க்கச் சொன்னால், அதே உவமையே பதிலாக வருகிறது! ஆயிரத்துச் சொச்சம் கடை வைத்திருப்பவருக்குப் பத்துக் கடையில் ஆறு மாதம் பார்ப்பதில் என்ன இழப்பு?

சொல்லாமல் விட்ட அனுமானம் இதைவிடப் பொல்லாதது, கண்ணுக்கே தெரியாது. டாடா நானோவை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்தபடி போகும் குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாயில் கார். உன்னதமான எண்ணம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஸ்கூட்டர் குடும்பம் கார் வாங்காமல் இருப்பதற்கு விலை ஒன்றே தடை என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருந்தது. நிறுத்த இடம், பெட்ரோல் செலவு, அதைவிட முக்கியமாக, கார் வாங்குவதே நாலு பேர் மதிக்கத்தானே என்ற ஆசை, இதெல்லாம் கணக்கில் எங்கே? 'மலிவான கார்' என்ற பெயரே அந்த ஆசைக்குப் பகையானது. அப்படி முன்வைக்கப்பட்டது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சனந்துக்கு ஆலை மாறிய தாமதமும், சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகளும் சேர்ந்துகொண்டன. எல்லாப் பழியையும் ஒரே அனுமானத்தின் மேல் போடுவதும் தவறு. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை, விற்பனையோ நல்ல ஆண்டில்கூட 75,000-ஐ எட்டவில்லை. 2018 ஜூனில் தயாரானது ஒரே ஒரு கார்.

வங்கி நண்பர்களே, "இந்த ஊரில் இரண்டு லட்சம் பேர், நூற்றில் ஒருவர் வந்தாலே 2,000 வாடிக்கையாளர்" என்று எழுதியிருக்கும் பக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு லட்சம் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்தது. அந்த ஒருவர் எங்கிருந்து வந்தார்? ஏற்கெனவே வாங்கும் கடையை விட்டு அவர் ஏன் வர வேண்டும்? பத்துப் பேரிடம் காசு வாங்கி விற்றுப் பார்த்த ரசீதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இங்கே சிலர் கையில் திட்ட அறிக்கை இருப்பதைப் பார்க்கிறேன். 'மாதிரி', 'போல' என்று வரும் வரிகளின் கீழ் இப்போதே பென்சிலால் கோடு போடுங்கள். முதலில் முடிப்பவர் மேடைக்கு வாருங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.